துரைப்பெட்டியின் குப்பி லாம்பு

அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து பங்களாவுக்குப் பியானோவை ஏற்றிப் போனது என் லொறிதான். கூலி வாங்கினேன், வாங்கிய கையோடு நோர்வூட் கடையில் மகள் காலுக்குச் சப்பாத்தும் எடுத்தேன். ஆகவே இதைச் சொல்வதால் என்னை நல்லவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

டன்வில் தோட்டம் நோர்வூட்டிலிருந்து ஆறு மைல். தேயிலை ஒரு கம்பனியிடம் இருக்கிறது, பங்களா மட்டும் இன்னொரு கம்பனிக்குக் குத்தகை. அவர்கள் அதை ஹோட்டலாக்கி, புல்தரையில் வெள்ளைக் கதிரைகள் போட்டு, வெளிநாட்டுக்காரர்களை உட்கார வைத்திருக்கிறார்கள். அங்கே இருந்து பார்த்தால் கொழுந்து எடுக்கிற பெண்கள் அழகாகத்தான் தெரிவார்கள். படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, காலில் அட்டை ஏறுவதைக்கூடப் பார்க்க நேரமில்லாமல் அவர்கள் ஓடுவது அவ்வளவு தூரத்துக்குத் தெரியாது.

அந்தப் பெண்களில் ஒருத்திதான் அழகம்மா அக்கா. கீழ்ப்பிரிவு லயத்து வரிசை வீடுகளில் ஆறாம் காம்பரா. புருஷன் சுதாகரன் கவ்வாத்து வெட்டுகிறவர். வெட்டு இல்லாத நாளில் குடிக்கிறவர், வெட்டு உள்ள நாளிலும் அப்படித்தான். மகள் கிருஷாந்தி ஹோட்டலில் வேலை செய்கிறாள். மூன்று பேர் இருக்கிற அந்த முன்னறையில் பாதி இடத்தை ஒரு பியானோ அடைத்துக்கொண்டிருந்தது. லயத்துச் சனம் அதைத் துரைப்பெட்டி என்று சொல்லும்.

சுதாகரனின் அப்பா இராமையா பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். எழுபத்திரண்டில் கடைசி வெள்ளைக்காரத் துரை கப்பலேறப் போகும்போது, பெட்டியை இராமையாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கடிதம் ஒன்றும் எழுதித் தரவில்லை. சமையல்காரனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? பன்னிரண்டு ஆள் மூங்கில் கட்டிப் பட்டப்பகலில் தோட்டமே பார்க்க அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். அன்றைக்கு இராமையா எல்லோருக்கும் சாராயம் வாங்கிக் கொடுத்ததை இப்போதும் சொல்வார்கள்.

அவர் செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. நல்ல மனுஷன் என்று அழகம்மா அக்காகூடச் சொல்ல மாட்டாள். வாயைத் திறந்தால் வசவு. அவள் கல்யாணமாகி வந்த மறுநாளே கையில் மண்ணெண்ணெய் எரிக்கிற ஒரு குப்பி லாம்பைக் கொடுத்து, அந்தி மயங்க முந்தி இதைக் கொளுத்திப் பெட்டிக்கு அடியில் வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டாராம். ஓட்டை போட்ட பிஸ்கட் டின் ஒன்றுக்குள் லாம்பு. பெட்டியின் அடிப்பலகையைக் கழற்றிவிட்டு டின்னை உள்ளே வைக்க வேண்டும். திரி தாழ்ந்திருக்க வேண்டும். கரி பிடித்தால் அதற்கும் ஏச்சு. மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் விடிய விடிய எரிய வேண்டும். கிருஷாந்தி பிறந்து அக்கா ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தபோது லாம்பு அணைந்து போயிற்று. பிள்ளையோடு வாசலில் நின்றவளை, உள்ளே வா என்றுகூடச் சொல்லாமல், அந்தக் கிழவன் அதற்காகத் திட்டினாராம்.

அதோடு விட்டதா? மாசப் பிறப்பன்று மூடியைத் திறந்து எண்பத்தைந்து கட்டைகளையும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். ஈரம் ஏறிய கட்டை பிந்திப் பேசும். அப்படிப் பேசினால் அன்றைக்கு இரண்டு லாம்பு. பாட்டு என்று ஒன்று அந்தப் பெட்டியில் அந்த வீட்டில் யாரும் வாசித்ததே கிடையாது.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அக்கா கேட்டிருக்கிறாள், எதுக்கு மாமா இந்த இழவு என்று. அதற்கு அவர் சொன்னதை அவள் எனக்கு அப்படியே சொன்னாள்.

"நம்ம கையில குடுத்துருக்காங்க. கெட்டுப்போச்சுன்னு வையி, களவாண்டுட்டுப் போயிக் கெடுத்துட்டான்னு சொல்லுவாங்க. நல்லா இருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல ஏலாது."

கிழவன் அங்கேதான் ஏமாந்தார்.

தினமும் அந்தியில் ஒரு வீட்டில் விளக்கு வைத்தால் சனம் என்ன நினைக்கும்? யாரோ ஒருத்தி போகிற போக்கில் ஒரு செவ்வந்திப் பூவை வைத்தாள். இன்னொருத்தி விபூதி பூசினாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் தொட்டுக் கும்பிட்டார்கள். அக்கா ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. சாமி என்றிருந்தால் பிள்ளைகள் கட்டைகளைப் போட்டு அடிக்க மாட்டார்கள், மகளும் விளக்கை மறக்காமல் வைப்பாள் என்று விட்டுவிட்டாள். கிருஷாந்தி அப்படித்தான் வளர்ந்தாள். படித்து, ஆங்கிலம் பேசி, ஹோட்டல் உடுப்புப் போட்ட பிறகு அவளுக்கு அது வெட்கமாகப் போயிற்று. கூட வேலை செய்கிறவர்கள், உங்கள் வீட்டில் பியானோவைக் கும்பிடுகிறீர்களாமே என்று சிரிப்பார்களாம். அம்மாவோடு அவளுக்குப் பேச்சே குறைந்தது அதனால்தான்.

நாடு முழுக்க மண்ணெண்ணெய் இல்லாத அந்த வருஷம் நினைவிருக்கும். நோர்வூட்டில் போத்தலை வரிசையில் வைத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தோம். அக்காவும் நின்றாள். கிடைத்த ஒரு லீட்டரை அடுப்புக்கு விடாமல் லாம்புக்கு வைத்தாள் என்று சுதாகரன் அவளைக் கையை ஓங்கி அடித்தார். அவள் திருப்பி விறகுக் கட்டையால் அடித்தாள். விறகு நனைந்து கிடந்ததால் அன்றைக்கு அந்த வீட்டில் ரொட்டி வேகவில்லை, லாம்பு எரிந்தது.

இப்படி இருந்த வீட்டுக்கு றோலண்டைக் கூட்டிப் போனதும் நான்தான்.

அவர் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த பறங்கி, எழுபது வயதிருக்கும். பழைய பியானோக்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர். வீட்டில் குளிரூட்டி போட்ட அறையில் பதினொன்று வைத்திருப்பதாகச் சொன்னார். ஹட்டன் ஸ்டேசனில் இறங்கி என் லொறியை நாள் கணக்கில் பிடிப்பார். வழியெல்லாம் பேச்சு. அந்தக் காலத்தில் துத்தநாகத் தகடு அடித்த பெட்டிகளுக்குள் இவை கப்பலில் வந்தனவாம். கொழும்பிலிருந்து ஹட்டன்வரை ரயில், பிறகு மாட்டு வண்டி, வண்டி ஏறாத மலையில் ஆள் தோள். லண்டனில் வெப்ப நாட்டுக்கென்றே தனியாகச் செய்வார்களாம். வெறும் பசை இளகிவிடும் என்று ஒவ்வொரு தந்தக் கட்டைக்கும் பித்தளை ஆணி அடித்திருப்பார்களாம். ஒவ்வொரு பங்களாவிலும் ஒன்று இருந்ததாம். இப்போது? கினிகத்தேனையில் ஒரு பேக்கரிக்காரன் பாண் அடுக்கும் அலுமாரியாக வைத்திருந்ததைக் காட்டினார். ராகலையில் ஒன்றுக்குள் விதைக் கிழங்கு கிடந்தது. இன்னும் ஒன்றில் கோழி அடை இருந்தது. எல்லாம் ஊமை. அவர் உள்ளே குனிந்து இலக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு வருவார்.

டன்வில் லயத்தில் ஒன்று இருக்கிறது என்று நான் வாய் தவறிச் சொன்னேன். போனோம். மூடியைத் திறந்ததும் பித்தளை ஆணிகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு, பேசாது என்ற தீர்மானத்தோடு ஒரு கட்டையில் விரலை வைத்தார். பேசியது. அக்கா அவரை விலக்கிவிட்டு, கொழுந்துக் கறை படிந்த ஒற்றை விரலால் எண்பத்தைந்தையும் வரிசையாகத் தட்டிக் காட்டினாள். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மலைநாட்டில் இப்படி ஒன்று மிஞ்சவே முடியாது என்று என்னிடம் சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். விலை கேட்டார். மாமா விற்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றாள் அக்கா.

போகும்போது அடியிலிருந்த டின்னையும் பூவையும் விபூதியையும் படம் பிடித்தார். இதைக் கும்பிடுகிறார்களா என்று அக்காவிடம் கேட்காமல், கும்பிடுகிறார்கள் என்று அவரே முடிவுகட்டி என்னிடம் சொன்னார். நான் திருத்தவில்லை, எனக்கும் அப்போது தெரியாது. அன்றைக்கு ஹோட்டலில் தங்கினவர், சாப்பாட்டு மேசையில் அந்தப் படத்தை எல்லோருக்கும் காட்டியிருக்கிறார்.

அப்படித்தான் மனேஜர் ரொஷானின் காதுக்குப் போயிற்று. ஒரே மாதத்தில் பழைய பங்களாச் சாமான் பட்டியல் ஒன்றைத் தேடி எடுத்தார்கள். அதில் பியானோ ஒன்று என்றும், பக்கத்தில் காணவில்லை என்றும் எழுதியிருந்தது. காணாமல் போன சாமான் லயத்தில் இருந்தால் என்ன அர்த்தம் என்று ரொஷான் கேட்டார். ஐம்பது வருஷமாக எல்லோர் கண்ணெதிரிலும் இருந்த பொருள் அது. அதை அவரிடம் யார் சொல்வது? மகள் வேலை செய்வது அவரிடம்.

பெப்ரவரி மாதம், வெயில் நாள். நானும் லொறியும் எட்டு ஆட்களும் வாசலில் நிற்க, ரொஷான் ஒரு தாளை நீட்டினார். ஆங்கிலம். கிருஷாந்தி ஹோட்டல் உடுப்போடு நின்று வாசித்துத் தமிழில் சொன்னாள். என் தந்தை இராமையா பங்களாவிலிருந்து அனுமதியின்றி எடுத்துச் சென்ற பியானோவை நான் இத்தால் திருப்பிக் கையளிக்கிறேன். கீழே சுதாகரன் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால் பொலிஸ் இல்லை, மகளின் வேலையும் இருக்கும் என்பதை ரொஷான் சிங்களத்தில் மிகவும் மரியாதையாகச் சொன்னார். மரியாதையாகச் சொன்னதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுதாகரன் பேனையை வாங்கிவிட்டார். அக்கா பீலியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்தவள், குடத்தை இறக்காமலே பேசினாள்.

"பெட்டிய எடுத்துட்டுப் போகட்டும். நாங்க மறிக்கல. அந்த அனுமதியின்றிங்கிற ஒரு வார்த்தைய மட்டும் வெட்டச் சொல்லும்மா."

கிருஷாந்தி மனேஜரிடம் சொன்னாள். அது சட்டத்தரணி எழுதியது, மாற்ற முடியாது என்றார்.

"அந்த வார்த்தை இருந்தா எங்க மாமா களவாணி. களவாணியோட மகன்னு இவரு கையெழுத்துப் போடுவாரா?"

இவர் போட்டார். மகள்தான் அப்பாவின் கையைப் பிடித்து இடத்தைக் காட்டினாள். "ஒரு வார்த்தைக்காக என் வேலைய விடச் சொல்றீங்களாம்மா? செத்தவங்களுக்கு என்ன வெக்கம்?" என்றாள். அக்கா மகளைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

தூக்கும்போது நான் அடிப்பக்கம் கையைக் கொடுத்தேன். பலகை அடைகாக்கிற கோழியின் வயிறு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. இதென்ன அக்கா, சூடு என்று கேட்டேன். ராத்திரியெல்லாம் லாம்பு எரிந்ததல்லவா, அந்தச் சூட்டில்தான் ஈரம் உள்ளே ஏறாமல் இருக்கிறது என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் பிறகு செய்ததை நான் மறக்கவே மாட்டேன். களவாணி என்று எழுதி வாங்கினவனிடம், அந்தப் பிஸ்கட் டின்னைத் துடைத்து, லாம்பில் எண்ணெய் நிரப்பி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இதையும் கொண்டு போகச் சொல்லுங்க தம்பி. தெனம் பொழுதுபட வைக்கணும். இல்லாட்டிப் பெட்டி தாங்காது."

நான் சிங்களத்தில் சொன்னேன். பிழையில்லாமல்தான் சொன்னேன். ரொஷான் பூவையும் விபூதியையும் பார்த்துச் சிரித்தார். சாமி அவர்களிடமே இருக்கட்டும், எங்களுக்குப் பியானோ போதும் என்றார். இது சாமி இல்லை ஐயா, ஈரத்துக்கு என்று நான் இன்னொரு தடவை சொன்னேன். அதற்குள் அவர் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். கிருஷாந்தி அவர் பின்னாலேயே போய்விட்டாள்.

"சரி," என்றாள் அக்கா. டின்னை அடுப்படிக்குக் கொண்டு போனாள்.

பெட்டியைப் பங்களாவின் கண்ணாடி விறாந்தையில், மலை தெரிகிற பக்கமாக வைத்தார்கள். பக்கத்தில் பித்தளைப் பலகை. தோட்டத் தொழிலாளர்கள் ஐம்பது ஆண்டுகள் இந்தப் பியானோவைத் தெய்வமாக வழிபட்டார்கள் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. றோலண்டின் படத்தைப் பார்த்துக் கொழும்பிலிருந்து ஒரு விளக்கும் எடுப்பித்தார்கள். உள்ளே பேட்டரி. சுடர் ஆடுகிற மாதிரியே இருக்கும், கையை வைத்தால் பச்சைத் தண்ணீர். தினமும் ஆறு மணிக்கு விருந்தாளிகள் தேநீர்க் கோப்பையோடு நிற்க, அதை அடியில் வைத்து சுவிட்சைப் போட்டு இரண்டு கையையும் கூப்புவது கிருஷாந்தியின் வேலையாயிற்று. அவளை விட்டால் வேறு யார்? பரம்பரை அல்லவா.

அதை அவள் வீட்டில் சொன்னபோது அக்கா கொழுந்துக் கூடையைத் தைத்துக்கொண்டிருந்தாளாம். நிமிராமல் தொடர்ந்து தைத்தாளாம்.

ஜூன் மாதம் பிடித்த மழை விடவில்லை. நோர்வூட் பாலம் மறைய மறைய மூடுபனி. உடுத்தின துணி காயவில்லை, தீப்பெட்டி நமத்துப் போயிற்று, மண் சரிந்து இரண்டு நாள் பாதை இல்லை. ஆகஸ்ட் நடுவில், பெட்டியைப் பார்க்கச் சொல்லி ரொஷான் கூப்பிட்டதில் றோலண்ட் அவசரமாக வந்து இறங்கினார். நேரே பங்களாவுக்கு ஓட்டச் சொன்னார்.

விறாந்தையில் அவர் மூடியைத் திறந்து விரலை வைத்தார். கட்டை உள்ளே போனது, திரும்பி வரவில்லை. அடுத்தது. அதற்கடுத்தது. எண்பத்தைந்தில் பேசினவை பதினொன்று என்று நான் எண்ணினேன், அவையும் தொண்டை கட்டியவன் பேசுகிற மாதிரி. உள்ளே பசை விட்டு, பலகை நீளத்துக்கு வெடித்திருந்தது. கம்பளித் துணியில் பூஞ்சணம். றோலண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டார். லயம் இதைவிட ஈரமான இடம், அங்கே ஐம்பது வருஷம் எப்படித் தாங்கியது, என்ன எண்ணெய் பூசினார்கள், எந்த இலையால் துடைத்தார்கள், இப்போது கேட்டுச் செய்தால் மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்றார். பியானோவைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. அதற்குக் கீழே ஒரு கொழுந்துக்காரி குனிந்து செய்த வேலை மட்டும் அவர் கண்ணுக்கு வேலையாகத் தெரியவில்லை.

ரொஷான் என்னையும் கிருஷாந்தியையும் லயத்துக்கு அனுப்பினார். கேட்டுக்கொண்டு உடனே வரச் சொன்னார்.

அக்கா அப்போதுதான் மலையிலிருந்து வந்திருந்தாள். நனைந்த படங்கு வாசலில் தொங்கியது. அடுப்பில் ரொட்டி, அம்மியில் கொச்சிக்காய்ச் சம்பல். பெட்டி இருந்த இடத்தில் இப்போது ஒரு கட்டில். எனக்குத் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். மகளுக்கும் ஊற்றினாள், ஆனால் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"அந்த வார்த்தைய வெட்டிட்டாங்களா?"

இல்லை என்றேன்.

"வெட்டச் சொல்லுங்க. வெட்டின தாளக் கொண்டாந்து காட்டட்டும். நானே டின்ன எடுத்துட்டு வந்து, தெனம் வச்சுக் குடுக்கிறேன். சம்பளம் வேணாம்."

அவள் முன்னாலேயே ரொஷானுக்குப் போன் எடுத்தேன். ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுப் பேசினேன். தாள் தலைமையகத்துக்குப் போய்விட்டது, இனி அதைத் தொட முடியாது என்றார். பிறகு, இவ்வளவு சின்ன விஷயத்தை இன்னுமா பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டார். வேண்டுமானால் அந்தப் பெண்ணுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்கலாம் என்றார். அக்காவுக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும். ரொட்டியைப் புரட்டிப் போட்டாள். நான் போனை வைத்தேன்.

கிருஷாந்தி அடுப்புக்கு மேலே, பலகைத் தட்டில் இருந்த பிஸ்கட் டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் அங்க போயி என்னன்னு சொல்லட்டும்?"

"சாமி கும்பிட்டோம்னு சொல்லு. பலகையிலயும் அதத்தானே எழுதி வச்சிருக்காங்க."

மகளின் சாயத்தண்ணி ஆறிக் கிடந்தது.

லொறியில் வரும்போது பாதி வழிவரை கிருஷாந்தி கண்ணாடியில் வழிகிற மழையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணே, அப்ப அது சாமி இல்லையா?"

"இல்லம்மா. வேலை. ஒங்க தாத்தா செஞ்சாரு, பொறகு ஒங்க அம்மா முப்பது வருஷம் செஞ்சாங்க. ஈரம் ஏறாம இருக்க."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அந்தாளுகிட்ட ரெண்டு தரம் சொன்னேன். நீயும் அங்கதான் நின்ன."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பங்களா வாசலில் இறங்கியபோது உடுப்பை இழுத்துச் சரிசெய்தாள். விறாந்தையில் ரொஷானும் றோலண்டும் காத்துக்கொண்டிருந்தார்கள். றோலண்ட் கையில் குறிப்புப் புத்தகம் விரித்தபடி இருந்தது. சொல்லிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவளுக்கு அந்த வேலை வேண்டும். மனேஜர் முதுகில் தட்டிக் கொடுப்பார், சம்பளமும் கூடும்.

"அம்மாகிட்டக் கேட்டேன் சேர்," என்று சிங்களத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "எண்ணெய் ஒன்றும் பூசவில்லையாம். சாமி கும்பிட்டார்களாம். அவ்வளவுதானாம்."

றோலண்ட் எழுதவில்லை. என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன். பியானோவுக்குள் எங்கேயோ ஒரு கம்பி விட்டுத் தெறித்தது, ரொஷான் திடுக்கிட்டுப் பின்வாங்கினார்.

மணி ஆறாயிற்று. விருந்தாளிகள் கோப்பைகளோடு வந்து நின்றார்கள். கிருஷாந்தி பியானோவுக்கு முன்னால் மண்டியிட்டு, பேட்டரி விளக்கை அடியில் வைத்து, சுவிட்சைப் போட்டாள்.